அடுத்தவர் மருந்து

…நாலு மணிக்கு மேல் வருகிறேன் என்று அக்கா சொன்னால் அது நாலரையாகவும் இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம், வராமலே போகலாம், சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான், இதோ குளிக்கப் போகிறேன் என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அரை நாள் வீடு முழுக்கச் சுற்றுவாள்… ஆனால் இன்றைக்கு அவள் வர வேண்டும், வந்தால் போதாது, அந்தப் பாட்டிலோடு வர வேண்டும், கையை வீசிக்கொண்டு வந்து நின்று மறந்துட்டேன்டி என்று சொன்னாளென்றால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. கடைக் கதவு கண்ணாடிக் கதவு, யார் திறந்தாலும் மேலே ஒரு மணி கிணுங்கும், இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தம் என் காதில் விழுவதையே நிறுத்திவிட்டது, இன்றைக்கு மத்தியானத்திலிருந்து மட்டும் ஒவ்வொரு கிணுங்கலுக்கும் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். இப்போது வந்தது இருமல் மருந்து கேட்டு ஒரு அம்மா. வறட்டு இருமலா, சளியோடவா என்று கேட்டேன், அவர் பதில் சொன்னார், என்ன சொன்னார் என்று மனசில் ஏறவில்லை, மறுபடி கேட்டேன், இப்பதானே சொன்னேன் என்று முறைத்தார். சரிதான், முறைக்கட்டும். பாட்டிலை எடுத்துக் கொடுத்து, எத்தனை வேளை என்று சொல்லி, அடுத்தவங்களுக்குக் கொடுக்காதீங்க என்று வழக்கமான வாலையும் ஒட்டி அனுப்பினேன். அந்த வால் என் வாயில் தானாக வரும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ஒருத்தருக்கு எழுதின மருந்தை இன்னொருத்தர் சாப்பிடக் கூடாது. தலைவலி மாத்திரை வாங்க வந்தவரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன், அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அக்கா கொண்டு வர வேண்டியது பழுப்புக் கண்ணாடிப் பாட்டில். அத்தானுக்குக் கடைசி மாதங்களில் வலிக்குக் கொடுத்த மார்ஃபின், சிரப் மாதிரி இருக்கும், லேசாக இனிக்குமாம், அத்தான்தான் சொன்னார், விஷயம் தெரியாதவன் பிஸ்கெட்டில் தடவிச் சாப்பிட்டுவிடுவான் என்று. எங்கள் தொழிலில் இந்த வகைக்குக் கட்டுப்பாட்டு மருந்து என்று பெயர். மற்ற மருந்தெல்லாம் சாதாரணக் குடிமக்கள், இது மட்டும் ஜாமீனில் வெளியே வந்த ஆள் மாதிரி, எப்போது வந்தது, எங்கே இருந்தது, யாரோடு போனது, எல்லாவற்றுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். அதற்குத் தனி அலமாரி, இரும்பு, சுவரோடு திருகி வைத்தது, சாவி என் கழுத்தில். டாக்டர் சீட்டில் தேதி இருக்க வேண்டும், அளவை எண்ணாலும் எழுத வேண்டும், எழுத்தாலும் எழுத வேண்டும், வாங்க வருகிறவர் யார் என்று காட்ட வேண்டும், சொந்தக்காரர்களுக்கு நான் என் கையால் எடுத்துக் கொடுக்கக் கூடாது. கடைசியில் சொன்னது எங்கள் கடையின் ரூல். அதனால் அத்தானுக்கான பாட்டிலை ஒருநாளும் நான் கொடுத்ததில்லை, மாலை ஷிப்ட் பார்மசிஸ்ட் வந்தபிறகு அவர்தான் கொடுப்பார். எப்போதும் இருமல் மிட்டாய் ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசுகிற மனுஷர், நான் மனசுக்குள் வைத்த பெயர் மிட்டாய் சார், வாய் தவறி ஒருநாள் நேரிலேயே கூப்பிட்டுவிட்டேன், அவர் எனக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தார்.

ஒருமுறை அக்கா சீட்டோடு வந்தபோது டாக்டர் அளவை எண்ணால் மட்டும் போட்டிருந்தார், எழுத்தால் எழுதவில்லை. மிட்டாய் சார் சீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், அவர் முகத்தில் சின்னதாக ஒரு தயக்கம், போகட்டுமா என்கிற தயக்கம். நான் ஷெல்ஃபுக்குப் பின்னாலிருந்து முடியாது என்றேன். அக்கா இருட்டுகிற நேரத்தில் இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போய் எழுதி வாங்கிக்கொண்டு, மறுபடி இரண்டு பஸ் மாறி வந்தாள். வீட்டில் மறுநாள் வரைக்கும் மருந்து இருந்தது, அது தெரிந்துதான் சொன்னேன், அத்தானுக்கு ஒரு வேளைகூடத் தவறவில்லை… ஆனாலும் அன்றைக்கு அவள் கவுண்டரில் நின்று ஒரு பார்வை பார்த்தாளே. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அத்தான்தான் படுத்த படுக்கையிலிருந்து சிரித்துக்கொண்டே, இன்ஸ்பெக்டரம்மா லஞ்சம் வாங்க மாட்டாங்க, சொந்த அக்கா காலில் விழுந்தாலும் ரசீது கேட்பாங்க என்று சொன்னார். எனக்கு அவர் வைத்த பெயர் அது, இன்ஸ்பெக்டரம்மா. கல்யாணமான புதிதில் வைத்தது, கடைசிவரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார், கடைசி வாரம் குரல் எழும்பாதபோது உதட்டை மட்டும் அசைத்தார், என்ன சொல்கிறார் என்று அக்காவுக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது.

அவர் போன பிறகு அக்கா வீட்டைக் காலி செய்த வேகம் இருக்கிறதே. வாடகைக் கட்டிலை மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டாள், சக்கர நாற்காலி போயிற்று, ஆக்சிஜன் சிலிண்டர் போயிற்று, பிரிக்காத டயப்பர் கட்டுகள் எதிர் வீட்டுக்கு, சட்டை பேன்ட்டெல்லாம் மூட்டை கட்டி வாசலுக்கு வந்துவிட்டது, மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு என்னிடமே கொடுத்தாள், நான் வீட்டுக்கு வந்து அந்தப் பையைக் கொட்டிப் பார்த்தேன், எல்லாம் இருந்தது, பழுப்புப் பாட்டில் மட்டும் இல்லை. மறந்திருப்பாள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவள் வீட்டில் துண்டு எடுக்க அலமாரியைத் திறந்தால், மேல் தட்டில், மடித்து வைத்த துணிகளுக்கு நடுவில், நல்ல நகையை வைக்கிற மாதிரி அதை வைத்திருக்கிறாள். இது எதுக்கு இங்க இருக்கு என்று கேட்டேன், சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். இருக்கட்டும், உனக்கென்ன அவசரம் என்றாள், அவளும் சும்மா சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, சாப்பிடும்போது வலது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள், என்ன என்று கேட்டதற்கு இடது கடைவாய்ப் பல் பாதி உடைந்துவிட்டது, வலியில்லை, பல் டாக்டரிடம் நாள் வாங்கியிருந்தேன், வேண்டாமென்று சொல்லிவிட்டேன் என்றாள். ஏன் என்றேன். இனிமே எதுக்குடி அதெல்லாம் என்றாள். இனிமே எதுக்கு… பல்லைக் கட்டி என்ன ஆகப்போகிறது என்று ஒருத்தி நினைக்கிறாள் என்றால், அவள் எத்தனை நாளைக்குப் பல் வேண்டும் என்று நினைக்கிறாள்? அவள் சாதாரணமாகச் சொன்னதை நான்தான் பெரிதுபடுத்துகிறேனா? பாதித் தட்டுச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கைகழுவினேன்.

அன்றைக்கே நேராகக் கேட்டிருக்க வேண்டியதுதானே. கேட்க வரவில்லை. பதிலாக என்ன செய்தேன், தினம் ஒரு போன், சாப்பிட்டியா, தூங்கினியா, சரி அந்தப் பாட்டிலைக் கொண்டு வந்து கொடு. இருக்கட்டும் என்பாள். மறுநாள் மறுபடி. கடன்காரன்கூட அப்படித் துரத்தமாட்டான். கடைசியில் போன வாரம், எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னேன்… அக்கா, ரூல் மாறியிருக்கு, இந்த மருந்து வாங்கின வீட்டுக்கெல்லாம் ஆபீசர்ங்க நேர்ல வந்து பாக்கறாங்க, மிச்சம் இருந்தா எந்தக் கடையில வாங்கினதோ அந்தக் கடையைத்தான் பிடிப்பாங்க, என் லைசென்ஸ் போயிடும். அப்படி ஒரு ரூலும் கிடையாது. மிச்ச மருந்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நாங்கள் சொல்லலாம், கெஞ்சலாம், அவ்வளவுதான், வீடு புகுந்து பார்க்க ஆபீசர்களுக்கு வேறு வேலை இல்லையா என்ன. எழுத்தால் எழுதவில்லை என்று சொந்த அக்காவைத் திருப்பி அனுப்பினவள், இல்லாத ரூலைச் சொந்தமாகத் தயாரித்து அவள் தலையில் கட்டினேன். சரி, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேல வரேன் என்றாள். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே எனக்குப் பயமாக இருந்தது, ஒத்துக்கொள்ளாமல் இருந்தாலும் பயந்திருப்பேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை ராத்திரி இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது.

மணி கிணுங்கியது, அவளில்லை, தூக்க மாத்திரைக்காரர். இவருக்கு ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தால் மூன்றாவது வாரமே வந்து நிற்பார், ஒருமுறை மாத்திரை வாஷ் பேசினில் விழுந்துவிட்டது, ஒருமுறை பையை பஸ்ஸில் விட்டுவிட்டார், இந்த முறை என்னவாக இருக்கும் என்று எனக்கே கொஞ்சம் ஆவல். பேன்ட் பாக்கெட்டோடு துணி மெஷினில் போட்டுவிட்டாராம். துணியெல்லாம் நல்லா தூங்கியிருக்குமே என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். தேதி வரலை சார், டாக்டர் வேற சீட்டு எழுதினாதான் முடியும் என்றேன். அவர் கவுண்டரில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, பழக்கமான சிரிப்போடு, என்னம்மா இப்படி சந்தேகப்படறீங்க, நான் என்ன மொத்தத்தையும் முழுங்கிட்டுப் படுத்துக்கவா போறேன் என்றார். எல்லாரும் சொல்வதுதான். மற்ற நாளாயிருந்தால் ரூல்னா ரூல்தான் சார் என்று சொல்லி அனுப்பியிருப்பேன். இன்றைக்கு அனுப்பவில்லை. குனிந்து, குரலைத் தாழ்த்தி, அப்படி ஏதாவது நினைப்பு வருதா சார் என்று கேட்டேன். கேட்டுவிட்டேன். எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள், சந்தேகம் இருந்தால் சுற்றி வளைக்காதே, நேராகக் கேள், கேட்பதால் ஒருத்தருக்கு அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று. அவர் சிரிப்பு நின்றது. முழங்கையை எடுத்துக்கொண்டார். இல்லம்மா, அப்படியெல்லாம் இல்ல, பொண்டாட்டி மக வீட்டுக்குப் போயிருக்கா, வீட்டுல சத்தமே இல்ல, அவ குறட்டை விட்டாதான் எனக்குத் தூக்கம் வரும் என்றார். பிறகு, நாளைக்கே டாக்டரைப் பார்க்கறேன் என்று தானாகச் சொன்னார். கதவு வரை போய்த் திரும்பி, கேட்டதுக்கு தேங்க்ஸ் என்றார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஊர் பேர் தெரியாத மனுஷரிடம் ஒரே மூச்சில் கேட்க முடிகிறது, கூடப் பிறந்தவளிடம் கேட்க முடியவில்லை, ஆபீசர் வருவான், பூதம் வரும் என்று கதை விடுகிறேன்… ஏன்? அவள் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்றுதானே. அந்த மனுஷர் ஆமாம் என்றால் அடுத்து என்ன சொல்ல வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அக்கா ஆமாம் என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது.

ஐந்தரைக்கு மிட்டாய் சார் வந்தார், கோட்டை மாட்டினார், கன்னத்தில் மிட்டாயை இடமிருந்து வலம் மாற்றினார். என்னம்மா கிளம்பலையா என்றார். அக்கா வரா சார், திரும்பிக் கொடுக்கற மருந்து, நீங்க சாட்சிக்கு நிக்கணும் என்றேன். தலையாட்டினார். திரும்பி வந்த கட்டுப்பாட்டு மருந்தைச் சீல் உடையாமல் இருந்தாலும் மறுபடி அலமாரியில் வைக்கக் கூடாது, தனியாக நின்று அழிக்கவும் கூடாது, இன்னொரு பார்மசிஸ்ட் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அக்காவுக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். பஸ்ஸில் இருப்பாள், பைக்குள் கிடக்கும், அவளுக்கு என்றைக்குப் போன் சத்தம் கேட்டிருக்கிறது… அல்லது வீட்டில் இருப்பாள். வீட்டில் இருந்து எடுக்காமல் இருப்பாள். அலமாரி, மேல் தட்டு, மடித்த துணி. வெள்ளிக்கிழமை என்று அவள் ஏன் சொன்னாள், என்னை வெள்ளிக்கிழமைவரைக்கும் சும்மா இருக்க வைக்கவா? அடி பாவி, நான்தானே நாளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், சொன்ன அன்றைக்கே போய் அலமாரியைத் திறந்து எடுத்துக்கொண்டு வந்திருந்தால் கத்தியிருப்பாள், கத்தட்டுமே, கத்துகிறவள் உயிரோடுதானே இருப்பாள். கோட்டைக் கழற்றினேன். சாவியைக் கழுத்திலிருந்து எடுத்து மிட்டாய் சார் கையில் கொடுத்தேன். நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன் சார் என்றேன், என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஏதென்று கேட்காமல், போங்க, நான் இருக்கேன் என்றார். கைப்பையைத் தேடுகிறேன், காலடியிலேயே கிடக்கிறது, கண்ணில் படவில்லை, குனிந்து நிமிர்ந்தால்…

மணி கிணுங்கியது. அக்கா. கதவை முதுகால் தள்ளிக்கொண்டு, குடையை மடக்கத் தெரியாமல் மடக்கிக்கொண்டு, ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறாள், வழக்கம்போல் லேட்டாக, வழக்கம்போல் அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல். ஏன் போனை எடுக்கலை என்று கேட்டேன், கேட்டது கத்தல் மாதிரி வந்துவிட்டது, ஷாம்பு பார்த்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அக்கா பையைக் கவுண்டரில் வைத்தாள். துணிப்பை, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் செய்தித்தாளில் சுற்றி, அதற்குள் பழுப்புப் பாட்டில். தாளைப் பிரித்து எடுத்து வைத்தாள். இந்தா, உன் லைசென்ஸ் என்றாள். வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது என்று சொல்வார்களே, சும்மா பேச்சுக்கு என்றுதான் நினைத்திருந்தேன், நிஜமாகவே வயிற்றில்தான் அது நடக்கிறது, அங்கிருந்து கால்வரைக்கும் இறங்குகிறது. பாட்டிலைத் தொட்டேன். அவள் கைச் சூடு அதில் இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், அலமாரியில் அன்றைக்குப் பார்த்த அதே மட்டம், லேபிளில் அத்தான் பெயருக்குக் கொஞ்சம் கீழே, ஒரு துளிகூடக் குறையவில்லை. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, கட்டிக்கொள்ளவில்லை, நடுவில் கவுண்டர் இருந்தது, அதுவுமில்லாமல் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிக்கொண்டது கிடையாது. பஸ்ல கூட்டமா என்று கேட்டேன். கூட்டம் என்றாள்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனோம், நானும் மிட்டாய் சாரும், அக்காவும் பின்னாலேயே வந்தாள். அரைக் கதவில் கையை வைத்து மறித்தேன், நீ உள்ள வரக் கூடாதுக்கா, அழிக்கும்போது ரெண்டு பார்மசிஸ்ட் மட்டும்தான் இருக்கணும், ரூல். அவள் அரைக் கதவுக்கு அந்தப் பக்கமே நின்று என்னை நிதானமாக ஒரு பார்வை பார்த்தாள்.

"இந்த ரூலாவது நிஜமா?" என்றாள்.

மிட்டாய் சாருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது, காது நுனிவரை சூடேறியது. வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த நர்ஸிடம் கேட்டாளாம், ஆபீசரெல்லாம் யாரும் வரமாட்டாங்களே, யார் சொன்னது என்று அந்தப் பெண் சிரித்தாளாம். எப்ப கேட்ட என்றேன். நீ சொன்ன மறுநாளே என்றாள். மறுநாளே தெரியும், தெரிந்தும் வந்திருக்கிறாள், குடையோடும் பையோடும் கூட்ட பஸ்ஸில். அப்புறம் ஏன் வந்தாய் என்று கேட்க வேண்டும், கேட்கவில்லை. பொய் சொல்லத் தெரியலடி உனக்கு, அவர் இருந்திருந்தா இன்ஸ்பெக்டரம்மாவே போலி ரசீது குடுக்கறாங்கன்னு ஒரு மாசம் சிரிச்சிருப்பாரு என்றாள். சிரித்தாள். சிரிக்கும்போது பல் வலித்தது போல, ஸ் என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது, எதை முதலில் துடைப்பது என்று தெரியாமல் மூக்கைத் துடைத்தேன். மிட்டாய் சார் சுவரில் இருந்த தீயணைப்புக் குறிப்பை மிகக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அழிக்கிற வேலை ஒன்றும் பெரிய சடங்கு இல்லை. ஒரு பிளாஸ்டிக் ஜாடி, அடியில் வெள்ளைப் பொடி, மருந்தை அதில் கவிழ்த்து, தண்ணீர் விட்டு, இறுக மூடிக் குலுக்கினால் கொஞ்ச நேரத்தில் கெட்டியாகிவிடும், பிறகு யாராலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது. லேபிளில் இருக்கும் பெயரைக் கறுப்பு மையால் அடிக்க வேண்டும். அத்தான் பெயரின் மேல் பேனாவை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றேன், மிட்டாய் சார் அவசரப்படுத்தவில்லை. குலுக்கும்போது முதலில் சளசளவென்று கேட்டது, பிறகு சத்தம் கனத்தது, பிறகு நின்றது. நான் கையெழுத்துப் போட்டேன், அவரும் போட்டார். அக்கா அரைக் கதவின் மேல் முழங்கையை வைத்துக்கொண்டு முழுவதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், அவள் நிற்கும் இடம் கதவுக்கு வெளியே, ஆகவே ரூலை மீறவில்லை. முடிந்ததும், அவ்வளவுதானா என்றாள். அவ்வளவுதான் என்றேன். பிறகு யாரிடமோ சொல்கிற மாதிரி, ஜாடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அவர் போன மறுவாரம் ஒருநாள் கையில எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கொஞ்சம் குடிச்சா வலி போயிடுமேன்னு. அப்புறம் லேபிளைப் படிச்சேன். அது எனக்கு எழுதின மருந்து இல்லையே. அடுத்தவங்க மருந்தைத் தொடக் கூடாதுன்னு நீதானே எப்பப் பாத்தாலும் கத்துவ. எடுத்து வெச்சுட்டேன்."

மிட்டாய் சார் நல்ல பழக்கம்மா என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன், பல்வலிக்கு மார்ஃபின் குடிக்க இருந்தாளே இந்தப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டே, அந்த நிமிஷம் எனக்கு அப்படித்தான் புரிந்தது, நிம்மதியில் இருக்கிறவளுக்கு எல்லாம் நல்லபடியாகத்தான் புரியும். கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தோம். பல்லுக்கு ஏதாவது கொடு என்றாள், போன ஞாயிற்றுக்கிழமை எதையோ கடித்ததில் ஆரம்பித்ததாம், அதுவரைக்கும் சும்மா உடைந்து கிடந்த பல், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உயிரை எடுக்கிறதாம், ராத்திரியெல்லாம் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நடக்கிறாளாம். பல் டாக்டர், என்று இழுத்தேன். நாள் வாங்கிட்டேன், வியாழக்கிழமை, பிடுங்க வேண்டாம், கட்டிக்கலாம்னு சொல்றாங்க, நாலஞ்சு தடவை போகணுமாம் என்றாள். நாலைந்து தடவை. ஒரு பல்லுக்காக வாரா வாரம், நாலைந்து தடவை போகப் போகிறவள். அந்தப் பல் டாக்டர் யாரோ, அவர் மெதுவாகவே கட்டட்டும், ஒரு தடவை சரியில்லை என்று மறுபடி வரச் சொல்லட்டும், நல்லா இருப்பார். சாதாரண பாராசிட்டமால் ஒரு அட்டை எடுத்துப் பெட்டியோடு வைத்தேன். சாப்ட்ட அப்புறம் போட்டுக்கோ, நடுவுல இடைவெளி விடு, உள்ள இருக்கற தாளைப் படி, அடுத்தவங்களுக்கு… என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மீதியை அவளே சொன்னாள், கொடுக்கக் கூடாது, சரிங்க மேடம் என்றாள். குடையை எடுத்தாள். மணி கிணுங்கியது. போய்விட்டாள்.

நான் அப்படியே நின்றேன், முகத்தில் சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கவுண்டரில் அவள் விட்டுப்போன செய்தித்தாளை மடித்தேன், பாட்டில் இருந்த இடத்தில் உருண்டையாகச் சுருங்கியிருந்தது, நீவி நீவி மடித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்த வலி… அத்தான் போன மறுவாரம் கையில் எடுத்தாளாம். அந்த வாரம்தானே நான் அவள் வீட்டில் சாப்பிட்டேன், அந்த வாரம்தானே பல் உடைந்துவிட்டது, வலியில்லை என்றாள், வாயில் சோற்றோடு என் முகத்தைப் பார்த்துத்தானே சொன்னாள். அப்போது பல் வலிக்கவில்லை. தாள் கையிலேயே இருந்தது. அப்போது பல் வலிக்கவே இல்லையே.

கதவைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனேன். எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள், குடை கக்கத்தில், மாத்திரைப் பெட்டியைப் பிரித்து உள்ளே இருந்த தாளை எடுத்து, மடிப்பு மடிப்பாக விரித்து, தூரத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாளை யாரும் படிப்பதில்லை. நானே முழுதாகப் படித்ததில்லை. அவள் ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத் திருப்பினாள், பஸ் ஒன்று வந்து நின்று போயிற்று, அது அவள் பஸ்தானா என்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கூப்பிட வாயைத் திறந்தேன். சாலைக்கு நடுவில் கத்திக் கேட்கிற கேள்வியா அது. உள்ளே வந்து மிட்டாய் சாரிடம், வியாழக்கிழமை எனக்கு லீவு வேணும் சார் என்றேன். எதுக்கும்மா என்றார். பல் டாக்டர்கிட்ட போகணும் என்றேன். உங்களுக்கும் பல் வலியா என்று அவர் கேட்டார், கழுத்துச் சாவியை நீட்டிக்கொண்டே, நான் அதை வாங்கி மாட்டிக்கொண்டேன்.